மைதான மூலையில் ஒரு வகுப்பு

என் வயதுக்காரர்களே, ரொறொன்ரோவின் மல்வேர்ன் பக்கம் பள்ளிக்கூடம் போன உங்களுக்குப் போர்ட்டபிள் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே, மைதானத்தின் மூலையில், கட்டைகளின் மேல் தூக்கி வைத்த நீளமான பெட்டி. மரச்சுவர், தகரக் கூரை, ஒரே ஒரு கதவு. அதற்குள், ஆங்கிலம் போதாது என்று ஒதுக்கிய பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், பனி உருகத் தொடங்கியதிலிருந்து கோடை விடுமுறை வரை நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரண்டாவது குளிர்காலம் அது.

அந்தப் பெட்டியின் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மின்சார ஹீற்றரின் மேல் காயப்போட்ட கம்பளிக் கையுறைகள் லேசாகக் கருகும் மணம். ஈரச் சப்பாத்துகளின் மணம். ரீச்சர் தரும் தாள்களில் ஊதா மையின் மணம். அந்தத் தாள் கைக்கு வந்தால் வாசிக்கமாட்டோம், முதலில் முகர்ந்து பார்ப்போம். அப்படி ஊதா மையில் எழுதிய தாளை இப்போது எங்கே போய்த் தேடுவது? கழிப்பறை பெரிய கட்டடத்தில்தான் இருந்தது. ஜாக்கெற்றை மாட்டி, சப்பாத்தைக் கட்டி, பனியில் நடந்து போய்த் திரும்பி வந்தால் பாடம் முடிந்திருக்கும்.

பாடம் என்றால் என்ன பாடம்? வரைபடத்துக்கு வர்ணம் தீட்டுவோம். ஆப்பிள் படங்களை எண்ணி எழுதுவோம். ஊரில் நான் இயற்கணிதம் தொடங்கிவிட்டிருந்தேன். ஆனாலும் ஆப்பிள்களை ஒழுங்காக எண்ணினேன், ரீச்சர் ஒவ்வொரு முறையும் பொன்னிற நட்சத்திரம் ஒட்டித் தந்தார். அந்தத் தாள்களை அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வரிசையாக ஒட்டினார். ரீச்சர் நல்லவர். எப்போதும் பெப்பர்மின்ற் மணக்கும், யாரையும் அதட்டியதில்லை. எங்களால் இவ்வளவுதான் முடியும் என்று அவர் மனதார நம்பினார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

உள்ளே எங்கள் தமிழ்ப் பிள்ளைகள், கரீபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வியட்நாமிலிருந்து வந்த ஒரு அண்ணனும் தங்கையும். வெள்ளைப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதை நான் அன்று கவனித்தேனா என்றால், கவனித்தேன். வெளியே மழை பெய்கிறது என்பதைக் கவனிப்பதுபோல.

எனக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தாள். இந்த நாட்டில் பிறந்தவள். அவளுடைய தாயும் தாயின் தாயும்கூட இந்த நாட்டில்தான் பிறந்தவர்கள். ஆங்கிலம் தவிர வேறு பாஷை அவளுக்குத் தெரியாது. ஆங்கிலம் போதாதவர்களின் வகுப்பில் அவள் ஏன் இருக்கிறாள் என்று என் உடைந்த ஆங்கிலத்தில் ஒருநாள் கேட்டேன்.

"என் அம்மாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறா," என்றாள்.

அவளுடைய அம்மாவை எல்லோருக்கும் தெரியும். மதிய இடைவேளையில் சாப்பாட்டு அறையையும் மைதானத்தையும் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. உயரமான பெண். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதமாட்டார். அவருடைய குரலே போதும். நாங்கள் இருந்த அதே அப்பார்ட்மென்றில் ஒன்பதாம் மாடியில் இருந்தார். நாங்கள் ஆறாம் மாடி. நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் வீடுகளில் அவரைப் போன்றவர்களைக் குறிக்க வேறொரு சொல் இருந்தது. நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள், அதை இங்கே எழுதவில்லை. "அவையளோட கனக்கச் சேராதை," என்று அம்மா சொல்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

ஏப்ரலில் ஒருநாள் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்னார்கள். அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு, ஹைஸ்கூல். எந்தப் பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போவது என்று முடிவுசெய்யும் காலம். ஆலோசகர் ஒருவர் எங்களுக்கு எதிரே இருந்து, உங்கள் மகள் பேசிக் லெவலில் சந்தோஷமாக இருப்பாள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். பேசிக் என்பதற்கு எனக்குத் தெரிந்த தமிழ் 'அடிப்படை'.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குப் போன் எடுத்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், எங்களுக்கு முந்தி வந்தவர்.

"பிள்ளைக்கு அத்திவாரத்திலயிருந்து படிப்பிக்கப் போகினமாம். அடிப்படை சரியா இருந்தால் பிறகு என்னவும் படிக்கலாம்தானே?"

"ஓமோம், வெள்ளைக்காரன் எதையும் ஒழுங்காத்தான் செய்வான்," என்று மாமா சொன்னது எனக்கும் கேட்டது.

அதற்கு அடுத்த வாரம் அன்ரி எங்கள் கதவைத் தட்டினார். போர்ட்டபிளில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அவர் போய்க்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அப்பா அவசரமாகச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அம்மா குசினி வாசலோடு நின்றுகொண்டார். அன்ரி சோபாவின் நுனியில் இருந்து, என்னைப் பார்த்து, "நான் சொல்வதை ஒன்றும் விடாமல் சொல்லு மகளே," என்றார்.

ஹைஸ்கூலில் மூன்று பாதைகள் இருக்கின்றன என்றார். மேல் பாதை பல்கலைக்கழகத்துக்குப் போகும். நடுப் பாதை தொழில் படிப்பிக்கும் கொலிஜுக்குப் போகும். பேசிக் என்ற பாதை எங்கேயும் போகாது. அதில் போட்ட பிள்ளை நினைத்தாலும் மற்றப் பாதைக்கு மாறுவது மெத்தக் கஷ்டம். "இந்தப் பள்ளிக்கூடத்துப் போர்ட்டபிளிலிருந்து மேல் பாதைக்குப் போன ஒரு பிள்ளையை எனக்குக் காட்டுங்கள்," என்றார்.

நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பாதி தூரம் போனபிறகுதான், நான் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

அன்ரி தன் கதையையும் சொன்னார். ரொறொன்ரோவிலிருந்து மேற்கே, அமெரிக்க எல்லைப் பக்கம் ஒரு சிறு ஊர் அவருடையது. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே அறை, விறகு அடுப்பு, மற்றப் பள்ளிக்கூடம் தேய்த்துக் கழித்த புத்தகங்கள். வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் அவர்களைத் தாண்டிப் போகும், நிற்காது. அவருடைய தாய் தகப்பனும் அயலவர்களும் வருடக்கணக்கில் கல்விச் சபைகளுக்கு ஏறி இறங்கிக் கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்தை மூட வைத்தார்கள். அவர் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனார். போன முதல் நாளே கடைசி வரிசையில் தனியாக இருத்தினார்கள்.

"கதவைத் திறந்துவிட்டார்கள், பிறகு உள்ளே இன்னொரு சுவரைக் கட்டினார்கள். இப்போது என் மகளுக்கு அந்தச் சுவரையும் வெளியே கொண்டுபோய் மைதானத்தில் வைத்திருக்கிறார்கள்," என்றார்.

மே மாதக் கடைசியில் கல்விச் சபைக் கூட்டம் இருந்தது. அங்கே பெற்றோர் பேசலாம். தமிழ்த் தாய் தகப்பனில் ஒருவராவது எழும்பிப் பேசவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பிறகு அன்ரி அப்பாவைப் பார்த்து, "உங்கள் நாட்டிலும் இப்படிப் பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளிக்கூடங்கள் இருந்தனவா?" என்று கேட்டார்.

அப்பா என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. "நோ, நோ மேடம். எங்கட இடத்தில அப்படியொண்டும் இல்லை," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "தரப்படுத்தலைப் பற்றிச் சொல்லு. இலங்கை அரசாங்கம் தமிழ்ப் பிள்ளையளிட்ட மட்டும் யூனிவேசிற்றிக்குக் கூட மார்க்ஸ் கேட்டது எண்டு சொல்லு," என்றார். சொன்னேன். அன்ரி தலையசைத்துக் கேட்டார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அப்பா, "நல்ல மனிசிதான். ஆனா எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை," என்றார். அகதிக் கோரிக்கை விசாரணையைத்தான் அப்போது எல்லோரும் கேஸ் என்போம். "இப்ப போய் அரசாங்கத்தோட கொழுவினால் நாளைக்கு எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." அந்தப் பயத்தைப் பார்த்து இன்று சிரிக்கலாம். குண்டு விழுந்த வீட்டை விட்டு வந்தவருக்கு அன்று அது சிரிப்பில்லை.

பத்து நாள்கூட ஆகியிருக்காது, பள்ளிக்கூட அதிபர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த முறை நான் வகுப்பில் இருந்தேன், அப்பா தன் ஆங்கிலத்தோடு தனியே போனார். அன்று பின்னேரம் ஒரு பெட்டி டோனற்றோடு வீட்டுக்கு வந்தார்.

"பிழை நடந்துபோச்சாம். பிள்ளை கெட்டிக்காரியாம். திங்கக்கிழமையிலிருந்து பெரிய கட்டடத்திலதான் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில மேல் பிரிவாம். எங்கட ஆக்களின்ர இன்னும் ரெண்டு மூண்டு பிள்ளையளையும் மாத்தப் போகினமாம். கூட்டத்துக்கெல்லாம் மினக்கெட்டுப் போகத் தேவையில்லை எண்டு தன்மையாச் சொன்னார்."

நான் துள்ளினேன். சீனி தூவிய டோனற் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அம்மா பெட்டியைத் தொடவில்லை.

"அப்ப அந்தப் பிள்ளை?" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"இவளுக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளை. அந்த மனிசியின்ர மகள்."

"அது அவையளின்ர பிரச்சினை. எங்களுக்கு என்ன?"

அம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பிறகு, "இஞ்சருங்கோ, அண்டைக்கு ஏன் அந்த மனிசிக்குப் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

"என்ன பொய்?"

"எங்கட இடத்தில அப்படி இல்லையெண்டு. உங்கட பள்ளிக்கூடத்தில ஆர் பலகை வாங்கில இருந்தது, ஆர் நிலத்தில இருந்தது?"

அப்பா என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு முன்னால உந்தக் கதையெல்லாம் என்னத்துக்கு?"

"பிள்ளையும் அறியட்டும். நானும் ஒண்டு செய்தனான். வீட்டில ஆறு கண்ணாடிக் கப் இருக்கு. அந்த மனிசிக்கு ஏன் பேப்பர் கப்பில தேத்தண்ணி குடுத்தனான்? யோசிச்சுச் செய்யேல்லை. கை தானாப் போய் எடுத்துது." அம்மாவின் குரல் உயரவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். "அவ குடிச்சு முடிச்சுப்போட்டு, அதைத் தானே மடிச்சுக் குப்பையில போட்டிட்டுப் போனவ."

நான் பாதி கடித்த டோனற்றை வைத்துவிட்டேன்.

"நான் கூட்டத்துக்குப் போகப் போறன்," என்றார் அம்மா.

"நான் வரமாட்டன். நீரும் யோசிச்சுச் செய்யும்."

"நீங்கள் வரவேண்டாம். பிள்ளை வரட்டும், எனக்கு இங்கிலீஷ் சொல்ல."

திங்கட்கிழமை நான் பெரிய கட்டடத்துக்கு மாறினேன். அங்கே சுவர்கள் சூடாக இருந்தன. ஜன்னலால் பார்த்தால் போர்ட்டபிளின் கூரை தெரியும். பக்கத்தில் இருந்தவள் இப்போது தனியே இருப்பாள் என்று நினைத்தேன். மதியத்தில் அவளைக் கண்டபோது, "இயற்கணிதம் தருகிறார்களா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டபிறகு என் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு ஒன்பதாம் மாடிக்குப் போனேன். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் கணக்குச் செய்வோம். அடுப்பில் ஏதாவது வறுபடும், ரேடியோவில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். அம்மா என்னைத் தடுக்கவில்லை.

கூட்டம் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. சபை உறுப்பினர்கள் மேடையில் நீண்ட மேசையின் பின்னால் இருந்தார்கள். முன் வரிசைகளில் கறுப்பினப் பெற்றோர், பின்னால் தமிழர்கள் கொஞ்சப் பேர். மாமாவும் வந்திருந்தார். என்ன நடக்கிறது என்று பார்த்து நாலு பேருக்குச் சொல்லவேண்டுமே. அம்மா நீலச் சேலையின் மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த கால், சப்பாத்தைப் பாதி கழற்றி வைத்திருந்தார்.

அன்ரி முதலில் பேசினார். கத்தவில்லை. எத்தனை பிள்ளைகள் வெளியே, எத்தனை பேர் உள்ளே, யார் எந்த நிறம் என்று அமைதியாகச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்தார். அம்மா சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போனார். நான் பக்கத்தில் நின்றேன். ஒலிவாங்கி எனக்கு எட்டவில்லை. யாரோ அதை வளைத்து என் வாய்க்கு நேரே விட்டார்கள்.

"என்ர மகளை உள்ளுக்கு எடுத்திட்டினம். சந்தோசம். அவளை மட்டும் எடுத்தால் நான் பேசாமல் இருந்திடுவன் எண்டு நினைச்சிருப்பினம்," என்று அம்மா தொடங்கினார். "எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில சில பிள்ளையளை வாங்கில இருக்க விடுறேல்லை. சாதி குறைவெண்டு நிலத்திலதான் இருத்துறது."

பின்னால் கதிரைகள் அரக்கும் சத்தம் கேட்டது. வாங்கு என்பதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கதிரை என்றேன். சாதிக்கும் வரவில்லை. பிறப்பு என்றேன்.

"ஒருத்தி எனக்குப் பக்கத்தில. நான் வாங்கில, அவள் கீழ. என்ர முழங்கால் அவளின்ர தோளில முட்டும். எனக்குக் கணக்கு வராட்டில் மெல்ல விடை சொல்லித் தருவாள். ஐஞ்சாம் வகுப்போட அவள் வரேல்லை. ஏன் வரேல்லையெண்டு நான் கேக்கேல்லை. ரீச்சரும் கேக்கேல்லை. என்ர அப்பா அம்மாவும் கேக்கேல்லை. வாங்கில இடம் கிடைச்ச ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப என்ர மகளுக்கு வாங்கில இடம் தந்திருக்கிறியள். அவளுக்குப் பக்கத்தில இருந்த பிள்ளை இன்னும் நிலத்தில இருக்குது. அதுதான் இந்த முறை கேக்க வந்தனான்."

கடைசி வசனங்களை நான் எப்படிச் சொன்னேனோ தெரியாது. சொல்லும்போது அழுதுவிட்டேன். மேடையில் இருந்தவர்களில் ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்க, அந்த வரிசை முழுக்க எழுந்து நின்றது. பின் வரிசை எழும்பவில்லை.

வாசலில் மாமா காத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஊர் நாத்தத்தை ஏன் இஞ்ச கொண்டுவந்து அவிழ்த்தனி? வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

"உள்ளதைத்தானே அண்ணை சொன்னனான்."

"இனி உன்ர வீட்டுப் படி மிதிக்கமாட்டன்."

சொன்னபடி செய்தார். பல வருடங்களுக்குப் பிறகு என் கல்யாணத்துக்குத்தான் வந்தார். அம்மா அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்தக் கோடையில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாகனத் தரிப்பிடத்தில் அப்பா நின்றார். வேலை உடுப்போடு, கையில் குடையோடு. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. "மழை வரும்போல கிடந்தது," என்றார். மழை வரவில்லை. பஸ்சுக்கு நடக்கும்போது அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

சபை அன்று எதையும் முடிவுசெய்யவில்லை. குழு அமைத்தார்கள், இன்னும் கூட்டங்கள் நடந்தன. ஆனால் செப்டெம்பரில் அந்தப் போர்ட்டபிளில் உடற்பயிற்சிப் பாய்களும் உடைந்த கதிரைகளும் இருந்தன. பிள்ளைகள் பெரிய கட்டடத்துக்குள் இருந்தார்கள். ஆங்கிலம் வேண்டியவர்களுக்கு நாளில் ஒரு பாடம் மட்டும் தனியாக. என் தோழி என்னோடு ஹைஸ்கூலில் மேல் பிரிவுக்கு வந்தாள். அன்ரிக்குச் சாப்பாட்டு அறை வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஏன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அவர் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை எடுத்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் வேறு பள்ளிக்கூடங்களின் பெற்றோர் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கேஸும் அடுத்த வருடம் சாதகமாக முடிந்தது. கூட்டத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தோழி இப்போது ஒஷாவாவில் மிருக வைத்தியர். நான் பாலங்களின் உறுதியைப் பரிசோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, இனி ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளைப் பிரிப்பதில்லை என்று மாகாணம் அறிவித்தபோது தோழி போன் எடுத்தாள். செய்தியை அன்ரிக்குச் சொன்னாளாம். படுக்கையில் இருந்த அன்ரி சிரித்துவிட்டு, "அப்படியென்றால் இனிப் பத்தாம் வகுப்பைக் கவனமாகப் பார்க்கவேண்டும்," என்றாராம். போன குளிர்காலம் அவர் போய்விட்டார். தேவாலயத்தில் நிற்க இடமில்லை. அப்பா இல்லை, அம்மாவால் பனியில் நடக்க முடியவில்லை. நான் மட்டும் போனேன். பேசச் சொன்னார்கள், எழுந்து நின்றேன். சொல்ல நினைத்தது வாயில் வரவில்லை.

சொல்ல நினைத்தது இதுதான். கூட்டம் முடிந்து ஐந்தாறு வாரம் இருக்கும், கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. அம்மா பின்னேர ஷிஃப்டுக்குப் புறப்பட, நான் பஸ் தரிப்பு வரை கூடப் போனேன். அங்கே எங்களுக்குத் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் நின்றார். கையில் மளிகைப் பை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்தார்.

"அண்டைக்கு மண்டபத்தில கதைச்சது நீங்கள்தானே அக்கா? நான் கடைசி வரிசையில இருந்தனான்."

இன்னொரு ஏச்சு வாங்கப்போகிறோம் என்று நினைத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட ஊர் வேற," என்றார் அந்தப் பெண். சுற்றுமுற்றும் பார்த்தார். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தவிர யாருமில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார். "நான் நிலத்தில இருந்தனான்."

அம்மாவின் கை என் கையை இறுக்கியது. அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். கண் நிறைந்துவிட்டது. "தங்கச்சி, என்னை மன்னிச்சு..."

"ஐயோ அக்கா, உதுக்கு நான் வரேல்லை." அந்தப் பெண் வெட்டிச் சொன்னார். கோபமில்லை, அவசரம்தான். "என்ர மகனுக்கும் பேசிக் எண்டு சொல்லியிருக்கினம். வேற பள்ளிக்கூடம். ஆரிட்டப் போறதெண்டு தெரியேல்லை. அந்தக் கறுப்பு அம்மாவை நான் எங்க பிடிக்கலாம்?"

பஸ் வந்தது, கதவு திறந்தது. அம்மா ஏறவில்லை. வந்த நாளிலிருந்து ஒரு ஷிஃப்ட்கூடத் தவறவிடாதவர், சாரதியைப் பார்த்துக் கையசைத்துப் போகச்சொன்னார்.

"வாரும், நான் கூட்டிக்கொண்டு போறன். இப்ப வீட்டிலதான் நிப்பா," என்றார்.

மூவரும் லிஃப்டில் ஏறினோம். மளிகைப் பையிலிருந்து கறிவேப்பிலை மணத்தது. ஒன்பதை நான் அமத்தினேன். மேலே போகும்போது அந்தப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவவை நான் என்னெண்டு கூப்பிடுறது?" என்று கேட்டார்.

அன்ரி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"நான் அக்கா எண்டுதான் கூப்பிடுறனான்."

அதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.